எடைக்குப் போகவிருந்த யந்திரங்கள்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவோடு வண்டி தள்ளி வந்தவர்களை நேயர்களில் வயது முதிர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேரீச்சம்பழம் போய்ப் பிளாஸ்டிக் குடம் வந்தது. குடம் போய் ரொக்கம் வந்தது. இப்போது அந்த வண்டியின் தராசில் ஏறும் பண்டமும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் நடுக்கூடத்தில் துணி போர்த்திப் பாதுகாக்கப்பட்ட மடிக்கணினிகள், மூடி உடைந்த மிக்ஸியோடும் துருப்பிடித்த சைக்கிள் சக்கரத்தோடும் ஒரே சாக்கில் கட்டுண்டு போகின்றன.

அவற்றில் எத்தனை உண்மையிலேயே உயிர் விட்டவை என்று யாரும் நாடி பிடித்துப் பார்ப்பதில்லை. மைக்ரோஸாஃப்ட் கம்பெனியார் தங்கள் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக் கொண்டார்கள். விசேஷ ஏற்பாட்டின் பேரில் சிலருக்குத் தவணை கொடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய யந்திரங்களை வாசற்படி ஏற விடுவதில்லை. சுமார் 2017-ம் வருஷத்துக்கு முன் செய்யப்பட்ட செயலிகளில் பெரும்பாலானவை அதற்கு ஆகா. ஆகவே விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, ஒலி வருகிறது. ஆயினும் யந்திரம் 'பழசு' என்று தீர்ப்பாகி விட்டது. வக்கீல் வைத்து வாதாட அதற்கு வாயில்லை. அதன் பொருட்டு இங்கே நாம் கொஞ்சம் வாதாட விரும்புகிறோம். சாட்சியாக நாம் அழைப்பது அமெச்சூர் ரேடியோ.

தமிழ்நாட்டில் இந்த வழக்குக்குத் தனியான ஒரு முக்கியத்துவம் உண்டு. 2011-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி, அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அந்த ஆரம்ப காலத்து யந்திரங்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. சீ-டாக் என்னும் மத்திய அரசாங்க ஸ்தாபனத்தார் தயாரித்தது அது. யந்திரத்தை முடுக்கியதும், 'இரண்டில் எது வேண்டும்?' என்று திரை கேட்கும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் சொல்லி வந்தார்கள். மற்றொரு கதவு திறக்கப்படாமலே கிடந்தது.

நாம் பணி புரியும் பள்ளி வேதாரணியக் கரைப் பக்கத்தில் இருப்பது. படித்து முடித்து வேலைக்குப் போன பழைய மாணவர்கள் புது யந்திரம் வாங்கியதும், பழையதை வீட்டில் அடைத்து வைக்க மனமின்றிப் பள்ளியில் கொண்டு வந்து கொடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை 17. பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். "உருப்படி இருநூறு ரூபாய் போட்டுக்கலாம், ஸார். பாட்டரி உப்பினதுக்கு மட்டும் நூற்றைம்பது" என்றார். கூட்டிப் பார்த்தால் மூவாயிரம் சொச்சம். வகுப்பறைக்கு ஒன்றிரண்டு மின்விசிறி வாங்கலாம். தலைமையாசிரியருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. அந்த அறை அவருக்கு அவசரமாக வேண்டியும் இருந்தது. நாம் கெஞ்சிக் கேட்டதன் பேரில் அரைப் பரீட்சை வரையில் தவணை கொடுத்தார். அதற்குள் நான்கு யந்திரமாவது பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படும்படி ஆகவில்லையானால் அத்தனையும் வண்டியில் ஏறிவிடும் என்பது நிபந்தனை.

நான்கு என்ற கணக்கைக் கொடுத்தவர் நமது நண்பர் ஒருவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்று அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பள்ளிக்கு அடுத்த தெருவில் வீடு. 2018-ம் வருஷத்துக் கஜாப் புயலில் கொல்லையிலிருந்த தென்னைகளெல்லாம் சாய்ந்து போக, தப்பி நின்ற இரண்டுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பியைக் கட்டி வைத்திருக்கிறார். அதுதான் அவருடைய ஆகாயக் கம்பி. வானொலிப் பெட்டியும் அவரைப் போலவே ஓய்வு பெறும் வயதினது.

அமெச்சூர் ரேடியோ என்பது யாது என்று சிலர் கேட்கலாம். வானொலி நிலையம் பேச நாம் கேட்பது ஒரு வழிப் பாதை. இது இருவழிப் பாதை. சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக் குறியும் பெற்றவர், குறிப்பிட்ட அலைவரிசைகளில் உலகத்தின் எந்த மூலையிலுமுள்ள மற்றொரு உரிமக்காரருடன் பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது. கூலி வாங்கக் கூடாது. ரகசியச் சங்கேதம் கூடாது. நடுவில் கம்பெனியின் கோபுரமும் இல்லை, மாதச் சந்தாவும் இல்லை. இவர்களை 'ஹாம்' என்று செல்லமாக அழைப்பது வழக்கம். நம் நாட்டாரின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும்.

இந்த வித்தை நமக்குப் புதியதன்று. 1924-ம் வருஷம் மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரைச் சேர்ந்த ஆர்வக்காரர்களும் சென்னையில் 'மதராஸ் பிரஸிடென்ஸி ரேடியோ கிளப்' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதே வருஷம் ஜூலை 31-ந் தேதி அவர்களது ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. சர்க்கார் ரேடியோ என்பது இந்த நாட்டில் பிறப்பதற்கு முன்பே நடந்த காரியம் இது. பணமுடையினால் 1927-ல் கிளப்பை மூட நேர்ந்தது. மூடியவர்கள் தங்கள் யந்திரத்தை எடைக்குப் போட்டு விடவில்லை. சென்னை நகரசபைக்குக் கொடுத்தார்கள். நகரசபை 1930-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒலிபரப்பு நடத்தியது. 1938-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஏற்படும் வரையில் நகரத்தாருக்கு அதுதான் சங்கீதமும் கதையும் சொல்லி வந்தது.

1939-ல் யுத்தம் மூண்டதும் அன்னிய சர்க்கார் அமெச்சூர்களின் வாயைக் கட்டிவிட்டது. ஒலிபரப்பும் யந்திரங்களை ஒப்படைக்கும்படி உத்தரவு பிறந்தது. அந்த மௌனத்தினிடையே 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி 42.34 மீட்டரில் நடத்திய காங்கிரஸ் ரேடியோவின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. யுத்தம் முடிந்த பிறகு ராணுவத்தார் கழித்துக் கட்டிய வானொலிப் பெட்டிகள் பல தேசங்களில் மலிவாகக் கிடைத்தன. அமெச்சூர்கள் அவற்றை வாங்கிப் பிரித்து மாற்றித் தங்கள் காரியத்துக்கு ஆக்கிக் கொண்டார்கள். பிறர் கழித்ததைக் கொண்டு காரியம் சாதிப்பது இவர்களுக்குப் பரம்பரை வழக்கம் என்றே சொல்லலாம்.

நிற்க. ரேடியோவுக்குக் கணினி எதற்கு?

வானொலிப் பெட்டியிலிருந்து வருவது ஒலி. மனிதர் பேசினால் அதை நம் காது புரிந்து கொள்கிறது. பேச்சுக்குப் பதிலாக, எழுத்துக்களைச் சிறு சிறு சுரங்களாக மாற்றி ஒருவர் அனுப்பினால், அந்தச் சுரங்களைப் பிரித்து மீண்டும் எழுத்தாக்க ஒரு யந்திரம் வேண்டும். முற்காலத்தில் அதற்கென்று கனத்த டெலிபிரிண்டர்கள் இருந்தன. இப்போது மடிக்கணினியின் மைக்ரோபோன் துவாரத்தில் வானொலியின் ஒலியைச் செலுத்தினால் போதும். கணினி அதைக் கணக்குப் போட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டுகிறது. பதில் சொல்ல வேண்டுமானால், ஹெட்போன் துவாரத்திலிருந்து சுரங்களை எடுத்து வானொலிக்குக் கொடுக்கிறது. சினிமாப் படம் பார்க்கவோ பெரிய விளையாட்டுக்கள் ஆடவோ வேண்டிய வலிமையில் சிறு பங்கு கூட இதற்கு வேண்டாம். நல்ல காதும் சுமாரான கணக்கும் இருந்தால் யந்திரம் பரீட்சையில் தேறி விடும். பத்துப் பன்னிரண்டு வயதான மடிக்கணினிக்கு அவை இரண்டும் உண்டு.

அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளின் வரலாறு சுவையானது. ஜோஸப் டெய்லர் என்ற அமெரிக்க வான சாஸ்திரி, தம் மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1974-ல் இரட்டைப் பல்ஸார் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்காக இருவருக்கும் 1993-ம் வருஷத்துப் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. டெய்லர் இளம் பிராயம் முதலே அமெச்சூர் ரேடியோக்காரர். வானத்து இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் மெல்லிய ஒலியைத் தோண்டி எடுப்பதில் பழகிய கையல்லவா? அந்தச் சாமர்த்தியத்தை அமெச்சூர்களுக்காக மென்பொருளாக எழுதி 2001 முதல் கொடுத்து வருகிறார். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், விலையில்லை, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் திறந்து பார்க்கலாம். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். உச்சரிப்பதற்குள் மூச்சு முட்டும் பெயர்தான்; வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

2017-ல் ஸ்டீவ் ஃபிராங்கே என்பவருடன் சேர்ந்து டெய்லர் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற முறையைத்தான் நம் நண்பர் பிள்ளைகளுக்கு முதலில் காட்டினார். இதில் எட்டுச் சுரங்கள் உண்டு. அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் 6.25 ஹெர்ட்ஸ், எவ்வளவு தேர்ந்த வித்வானும் பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாம் சேர்ந்து அலைவரிசையில் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் அடங்கி விடும். ஒரு மனிதர் பேசப் பிடிக்கும் இடத்தில் சுமார் ஐம்பது பேர் இவ்விதம் ஏககாலத்தில் நெருக்கமின்றிச் செய்தி அனுப்பலாம். ஒவ்வொரு நிமிஷமும் நான்கு காலாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு காலில் ஒருவர் 12.64 விநாடி அனுப்புவார். அடுத்த காலில் மற்றவர் பதில் சொல்வார். செய்தியோ மிகச் சுருக்கம்: யார், எங்கிருந்து, எவ்வளவு பலமாகக் கேட்கிறது. சௌக்கியம் விசாரிக்க இடமில்லை. ஆனால் சுற்றியுள்ள இரைச்சலின் சக்தியில் நூற்றில் ஒரு பங்கே இருக்கும் ஒலியையும் அது படித்து விடுகிறது. 10 வாட் சக்தியில், அதாவது ஒரு எல்.இ.டி. பல்பு குடிக்கும் மின்சாரத்தில், தென்னை மரத்துக் கம்பி வழியாக 14.074 மெகாஹெர்ட்ஸில் நம் நண்பர் அழைத்ததற்கு ஒரே மாலையில் ஜப்பானிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பதில் வந்தது. திரையில் வரிகள் விழ விழப் பிள்ளைகள் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடினார்கள். பூகோள வகுப்பில் அவர்கள் இவ்வளவு ஊக்கம் காட்டி நாம் பார்த்ததில்லை.

இனி யந்திரத்தைத் தயார் செய்யும் விஷயம். முதல் காரியம், உப்பிப் போன பாட்டரிகளை எடுத்துத் தனியே வைத்து, மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேர்ப்பது. உப்பின லிதியம் பாட்டரியைக் குத்தினால் தீப் பிடிக்கும். அதில் வேடிக்கை கூடாது. இரண்டாவது காரியத்தைப் பலர் நினைப்பதேயில்லை. பழைய வட்டுக்களில் கல்யாணப் புகைப்படங்கள் இருந்தன. மார்க் பட்டியல் இருந்தது. ஆதார் கார்டின் நகல் இருந்தது. ஒரு யந்திரத்தில், இறந்து போன பாட்டியார் பேரனுக்குக் கதை சொல்லும் ஒலிப்பதிவு இருந்தது. உரியவர்களைத் தேடிப் பிடித்துப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த பிறகே வட்டைத் துடைத்தோம். பாட்டியாரின் பேரன், துபாயிலிருந்து போனில் பேசினவர், சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமலிருந்தார். தராசில் ஏறிப் போன யந்திரங்களோடு இப்படி எவ்வளவு போயிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

லினக்ஸ் என்பது 1991-ல் ஃபின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. பிறகு பல தேசத்தாரும் கை கொடுத்து வளர்த்தார்கள். அதைப் பல கோஷ்டியார் பல விதமாகக் கட்டித் தருகிறார்கள். நாம் எடுத்துக் கொண்டது டெபியன். காரணம், அமெச்சூர் ரேடியோ மென்பொருள்கள் பலவும் அதன் களஞ்சியத்திலேயே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர் ஊராய்த் தேடி அலைய வேண்டுவதில்லை. முகப்புக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான வகை போதும். நம் யந்திரங்களில் 2 ஜி.பி. நினைவகந்தான் இருந்தது. அதிலேயே இது தாராளமாக நடக்கிறது. மிகப் பழைய 32-பிட் யந்திரம் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஐ அவற்றில் நேராக நிறுவ முடியாது, அதற்கு முந்திய 12-ஐ எடுத்துக் கொள்வது நலம்.

பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதிலுள்ள பெரிய சௌகரியம். வட்டில் ஒன்றையும் தொடாமல், ஒலி வருகிறதா, திரை சரியா, வைஃபை பிடிக்கிறதா என்று சோதித்து, திருப்தியானால் நிறுவிக் கொள்ளலாம். மெல்ல நகரும் பழைய வட்டைக் கழற்றி விட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. போட்டால் யந்திரத்துக்குப் பத்து வயது குறையும். செலவு என்று உண்மையாகச் சொல்லத் தக்கது அது ஒன்றுதான். நான்கு யந்திரங்களுக்கும் பழைய மாணவர்களே கொடுத்து உதவினார்கள். வானொலியை யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும்போது பலர் திகைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. கம்பி சரி, வானொலி சரி, ஆனால் கணினி வானொலியோடு பேச மறுக்கும். உபயோகிப்பவரின் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் வழி திறந்து விடும். ஒன்பது முனைகள் கொண்ட பழைய சீரியல் துவாரம் உள்ள மடிக்கணினி யாரிடமாவது இருந்தால், அதை எடைக்குப் போடுகிறவர் பழைய வானொலிக்காரர்களின் சாபத்துக்கு ஆளாவார். அவர்களது பெட்டிகளுக்கு நேரே பொருந்தும் துவாரம் அது.

ஆனால் மிகுந்த பிரயாசை கொடுத்தது கணினியன்று, அதன் சார்ஜர். மடிக்கணினியின் சார்ஜருக்குள்ளே மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒட்டப்படுகிறது. அந்த வெட்டின் சப்தம் சிற்றலை வானொலியில் 'கர்' என்ற ஓயாத உறுமலாகக் கேட்கும். விலை மலிந்த மாற்றுச் சார்ஜர்களில் இது இன்னும் அதிகம். ஜப்பானிலிருந்து வரும் மெல்லிய குரலை நம் வீட்டுச் சார்ஜரே விழுங்கி விடுகிறது! பாட்டரி நன்றாயிருந்தால் சார்ஜரைப் பிடுங்கி விட்டுப் பாட்டரியில் ஓட்டுவது உத்தமம். இல்லாவிடில் ஃபெரைட் வளையத்தில் சார்ஜர் கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால் உறுமல் அடங்குகிறது. இன்னொரு தொல்லை, கணினியையும் வானொலியையும் ஒலிக் கம்பியால் நேரே இணைத்தால் எழும் 'ஹம்' என்ற ரீங்காரம். இதற்கு ஒன்றுக்கு ஒன்று சுற்றுள்ள சின்னஞ்சிறு ஒலி டிரான்ஸ்பார்மர் நடுவில் வேண்டும். ஒலி கடக்கும், ரீங்காரம் கடக்காது. நம் பிள்ளைகள் பழைய டெலிபோன் மோடம் ஒன்றை உடைத்து அதிலிருந்து இதை எடுத்தார்கள். கழிவுக்குள்ளிருந்து கழிவுக்கு மருந்து!

கடிகாரமும் முக்கியம். எஃப்.டி.8-ல் இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் காசு வடிவத்திலுள்ள சிறு பாட்டரி செத்திருக்கும். முடுக்கும்போதெல்லாம் யந்திரம் பழைய வருஷம் ஒன்றுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து கொள்ளும். திரையில் வானொலி அலைகள் நீர்வீழ்ச்சி போல் அழகாக ஓடும். ஓர் எழுத்தும் விழாது. காசுப் பாட்டரியை மாற்றி, 'குரோனி' என்ற மென்பொருளால் இண்டர்நெட்டோடு நேரத்தைச் சரிப்படுத்தினால் எழுத்துக்கள் மழை போல் கொட்டுகின்றன. இண்டர்நெட் இல்லாத இடத்தில் சிறிய ஜி.பி.எஸ். வாங்கி ஆகாயத்திலிருந்தே நேரம் பார்த்துக் கொள்ளலாம். யந்திரம் கணக்குப் போட நேரம் எடுத்துக் கொள்கிறதென்றால், மென்பொருளின் பட்டியலில் ஆழமாகத் தோண்டும் முறையை விட்டு வேகமான முறையைத் தேர்ந்தால் போதும். நம் யந்திரம் இரண்டு மூன்று விநாடியில் முடித்து விடுகிறது.

இவ்வளவும் ஆன பிறகு, பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஸார், டவர் விழுந்தாலும் இது பேசுமா?"

மீனவர் வீட்டுப் பெண். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கஜாப் புயல் கரை ஏறியபோது அவள் சிறு குழந்தை. மின்கம்பங்கள் முறிந்து, செல்போன்கள் ஊமையாகி, நாகையிலிருந்த அவளுடைய அத்தை உயிரோடிருப்பது இவர்களுக்குத் தெரியவே நாட்கள் ஆயினவாம். அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று.

இதற்கு விடை 2004-லேயே கிடைத்திருக்கிறது. அந்த வருஷம் டிசம்பரில் பாரதி பிரஸாத் என்ற அம்மையாரின் தலைமையில் அமெச்சூர்கள் சிலர் விசேஷ அனுமதி பெற்று அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தார்கள். நெடுங்காலமாக அமெச்சூர் ரேடியோ ஒலிக்காத அத் தீவிலிருந்து உலகத்தோடு பேசுவது அவர்கள் நோக்கம். 26-ந் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது, தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்குக்காகப் போனவர்களின் பெட்டி அன்று முதல் பல குடும்பங்களுக்குச் செய்தி சொல்லும் பெட்டியாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு வாயால் பதில் சொல்வதைவிடக் காட்டுவதே மேல் என்று நண்பர் கருதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார். மோடத்தைப் பிடுங்கினார். செல்போன்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மூடினார். மிச்சம் இருந்தவை: கார் பாட்டரி ஒன்று, வானொலி, பாட்டரி நன்றாயிருந்த மடிக்கணினி ஒன்று, தென்னை மரத்துக் கம்பி. நாகப்பட்டினத்தில் இன்னொரு உரிமக்காரர் காத்திருந்தார். பிள்ளைகள் கற்பனையாக நாற்பது பெயர்கள் கொண்ட நிவாரண முகாம் பட்டியல் ஒன்றைத் தயாரித்திருந்தார்கள்: பெயர், வயது, கிராமம், வேண்டிய மருந்து.

முதலில் அதை 7 மெகாஹெர்ட்ஸில் வாயால் படித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, மருந்தின் பெயரை இரண்டு தரம் சொல்லி முடிக்க 22 நிமிஷமாயிற்று. அதன் பின் 'எஃப்.எல்.டிஜி' என்ற மென்பொருளின் மூலம், பிழையைத் தானே திருத்திக் கொள்ளும் முறையொன்றில் அதே பட்டியலை அனுப்பினார்கள். சுமார் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி கேட்டார் நாகைக்காரர். இன்ஸுலின் வேண்டியவர் எத்தனை பேர் என்று உடனே அவரால் எண்ணிச் சொல்ல முடிந்தது. அத்தையைப் பற்றிச் சொன்ன பெண் அந்த அச்சுத் தாளை மடித்து வைத்துக் கொண்டாள்.

எஃப்.டி.8 பற்றி நமது சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லி விடுகிறோம். ஆச்சரியமான வித்தைதான்; ஆனால் வறட்சியானது. யந்திரம் யந்திரத்தோடு பேச, மனிதர் பக்கத்தில் நின்று எண்ணிக் கொண்டிருக்கிறார். 1998-ல் பீட்டர் மார்ட்டினெஸ் என்ற ஆங்கிலேய அமெச்சூர் வெளியிட்ட பி.எஸ்.கே.31 என்ற முறை நமக்கு அதைவிட உகந்தது. சுமார் 31 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள், தட்டெழுத்து அடிக்கும் வேகத்தில் எழுத்துக்கள் போகும், வரும். எதிரே இருப்பவர் தடுமாறி ஒரு சொல்லை அழித்து மறுபடி அடிப்பது கூட இங்கே தெரியும். பிள்ளைகள் இதில் நம்மோடு ஒத்துப் போகவில்லை. எத்தனை தேசம் 'பிடித்தோம்' என்ற கணக்கில்தான் அவர்களுக்கு ருசி.

அவர்களுக்கு இன்னும் அதிக ருசி ஆகாயத்தில். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றி வருகிறது. அதில் அமெச்சூர் ரேடியோப் பெட்டி இருக்கிறது. 2025 ஜூலையில் நம் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து அதன் மூலமாகத்தான் இந்தியப் பள்ளி மாணவர்களோடு பேசினார். சில சமயங்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் அங்கிருந்து படங்களை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். 'ஜீபிரெடிக்ட்' என்ற மென்பொருள் நிலையம் எந்த நிமிஷம் எந்தத் திக்கில் எழும் என்று பஞ்சாங்கம் போல் சொல்கிறது, 'க்யூ.எஸ்.எஸ்.டி.வி.' ஒலியைப் படமாக வரைகிறது. தலைக்கு மேலே வந்து மறையப் பத்து நிமிஷந்தான். ஒரு படம் இரண்டு நிமிஷம் எடுத்துக் கொண்டு வரி வரியாக இறங்குகிறது. முதல் படத்தில் பாதிதான் கிடைத்தது. மிச்சம் அடிவானத்துக்குக் கீழே போய் விட்டது. பாதிப் படத்தையே அச்செடுத்து வகுப்பில் ஒட்டியிருக்கிறார்கள்.

"இதெல்லாம் செல்போனில் வராதா?" என்று நம்மைக் கேட்ட பெற்றோர் உண்டு. வரும்; டவர் இருக்கும் வரையில். மேலும் செல்போனைத் திறந்து உள்ளே பார்க்க யாரும் விடுவதில்லை. இந்த யந்திரத்தையோ பதினாறு வயதுப் பிள்ளை திருகாணி கழற்றித் தூசு துடைத்து, வெப்பம் கடத்தும் பசை தடவி மீண்டும் மூடுகிறான். பாடத்தில் மனப்பாடம் செய்த ஓம் விதியும் அலைநீளமும் கம்பியை அளந்து வெட்டும்போது கைக்கு வருகின்றன. 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் கம்பி ஏன் என்று நாம் இப்போது கேட்பதில்லை. அவர்கள் நம்மைக் கேட்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். நம் பிள்ளைகள் இதுவரையில் கேட்கிறார்கள், குறித்துக் கொள்கிறார்கள். அனுப்பும் பொத்தான் நண்பரின் கையில்தான். வானொலி கிடைக்காத ஊர்களில் இருப்பவர்கள், நெதர்லாந்தில் ட்வெண்டே சர்வகலாசாலையார் 2008 முதல் நடத்தி வரும் இண்டர்நெட் வானொலியைக் கணினி வழியே திருப்பிக் கேட்டுப் பழகலாம். அதற்கும் இந்தப் பழைய யந்திரம் போதும். பரீட்சையை மத்திய அரசாங்கத்தின் தொலைத் தொடர்பு இலாகாவைச் சேர்ந்த டபிள்யூ.பி.சி. பிரிவார் நடத்துகிறார்கள். ரேடியோ தத்துவமும் சட்ட விதிகளும் முக்கியப் பாடங்கள். நமது பள்ளியில் ஆறு பேர் மனுப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் பெண்கள்.

அரைப் பரீட்சைக்கு முன் நான்கு யந்திரங்கள் கேட்கப்பட்டன, ஐந்து ஓடின. தலைமையாசிரியர் அறையைக் கேட்கவில்லை. ஆனால் மின்விசிறியை மறக்கவுமில்லை. மிச்சம் 12-ல் மூன்றின் தாய்ப்பலகை உப்புக் காற்றில் அரித்துப் போயிருக்கிறது. அவற்றின் நினைவகத்தையும் திரையையும் மற்றவற்றுக்கு எடுத்துக் கொண்டு, கூட்டை மட்டும் வியாபாரியிடம் கொடுத்தோம். 90 ரூபாய் தந்தார். ஒன்பது அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை, பரீட்சையில் முதலில் தேறுகிறவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ஆகாயக் கம்பிக்கு இடம் இருக்கிறதா என்று நண்பர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிறார்.